லைன் போனால் யார் வருவார்? மதுரையில் இன்டர்நெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

திருநகரில் வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். மளிகைக் கடைகள், இரண்டு அரிசி மில், ஒரு பாத்திரக்கடை என்று முப்பது பேருக்கு மேல் என்னை நம்பி இருக்கிறார்கள். மாதாமாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. 20-ஆம் தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரி இருந்தால் அதற்கு வட்டியும் சேரும். அது கடைக்காரர் பையிலிருந்து போகிற காசு. அதனால் இன்டர்நெட் ஒரு நாள் நின்றால் எனக்கு ஒரு நாள் சம்பளம் மட்டும் போவதில்லை, பேரும் போகிறது.

சென்ற ஆண்டு ஒரு 19-ஆம் தேதி மாலை மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தது. அப்போது நான் வைத்திருந்தது ஒரு பெரிய கம்பெனியின் லைன். கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். மோடத்தை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார். "சிவப்பு லைட் எரியுதும்மா, வெளியில ஃபைபர் போயிருச்சு, ஆள் அனுப்புங்க" என்றேன். இந்தப் படிகளை முடிக்காமல் புகார் டிக்கெட் போட முடியாது என்றார். முடித்தோம். டிக்கெட் நம்பர் வந்தது, 24 மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்ற செய்தியும் வந்தது.

மறுநாள் காலை 11 மணிக்கு, "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வீட்டுக்கு யாரும் வரவில்லை. மோடத்தில் சிவப்பு லைட் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டால், பழைய டிக்கெட் மூடியாகிவிட்டதாம், புதிதாகப் போட வேண்டுமாம், மறுபடி 24 மணி நேரமாம். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். தெருமுனைப் போஸ்ட்டில் ஏறி அறுந்த இடத்தை ஒட்டிவிட்டு இறங்க அவனுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த 20-ஆம் தேதி ரிட்டர்ன்களை எல்லாம் போன் ஹாட்ஸ்பாட்டில், மொட்டைமாடியில் நின்று, இரவு பதினொன்றரை வரை போட்டு முடித்தேன்.

அதன் பிறகு மூன்று வீட்டுக்கு லைன் முடிவு பண்ண வேண்டி வந்தது. என் வீடு, மேலூர் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மா வீடு, ஐயர் பங்களா பக்கம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தங்கை வீடு. இரண்டு மாதம் விசாரித்தேன். எல்லாரும் எத்தனை எம்.பி.பி.எஸ்., எத்தனை ஓ.டி.டி. இலவசம் என்றுதான் சொன்னார்கள். நான் கேட்டது வேறு: லைன் போனால் யார் வருவார், எங்கிருந்து வருவார், வரும்போது கையில் என்ன கொண்டு வருவார்?

ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், மதுரையில் லைன் போகிற விதம் அப்படி. முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்கும் பாதாளச் சாக்கடைக்கும் நகரத்தில் தோண்டாத தெரு குறைவு. ஜே.சி.பி. ஒரு வாய் அள்ளினால் பத்து வீட்டுக்கு லைன் போய்விடும். வைக்கோல் ஏற்றிய லாரி தாழ்வாகத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டு போகும். அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கம் குரங்கு தொங்கும். ஐப்பசி மழையில் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கும். இவை எல்லாமே தெருவில் நடக்கிற பழுது. போனில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஏணியும் மிஷினும் வராமல் சரியாகாது. அதனால் டெக்னிக்கல் சப்போர்ட் என்று நான் சொல்வது போஸ்ட்டில் ஏறுகிற மனிதரைத்தான்.

மோடத்தில் இரண்டு லைட்டை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபைபர் கேபிளுக்குள் இன்டர்நெட் ஒளியாகத்தான் வருகிறது. பி.ஓ.என். என்று எழுதியிருப்பது நிலையாகப் பச்சையில் எரிந்தால் அந்த ஒளி உங்கள் வீடு வரை வந்துசேர்கிறது. எல்.ஓ.எஸ். என்பது சிவப்பில் எரிந்தால் ஒளி வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. பச்சை எரிந்தும் நெட் வரவில்லை என்றால் கேபிளில் குறை இல்லை. அக்கவுன்ட், ரீசார்ஜ், ரவுட்டர் செட்டிங், இல்லாவிட்டால் கம்பெனியின் மேல்பக்கத்துப் பிரச்சினை. எந்த வகை சர்வீஸ் உங்களுக்கு ஒத்துவரும் என்பதும் இதில்தான் இருக்கிறது. சிவப்புக்கு உள்ளூர் ஆள் வேண்டும், பச்சைக்கு விவரம் தெரிந்த கால் சென்டர் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நன்றாக இருப்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் நம்ம ஏரியா கேபிள்காரர். டி.வி. கேபிள் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஃபைபர் இழுத்து, ஏதாவது ஒரு லைசென்ஸ் பெற்ற இன்டர்நெட் கம்பெனியிடம் மொத்தமாக வாங்கி நமக்குக் கொடுக்கிறார்கள். இவர்களுடைய பலம் தூரம்தான். எங்கள் ஏரியாக்காரரின் கடை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவருக்கு எந்தப் போஸ்ட்டில் எந்த வீட்டுக் கேபிள் போகிறது என்று மனப்பாடம். "அண்ணே, சிவப்பு லைட்" என்று வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பினால் போதும், "இந்தா வர்றேன்க்கா" என்று பதில் வரும். மேலமாசி வீதியில் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா ஒன்று சொன்னார். சித்திரைத் திருவிழாவில் தேர் வரும் வழியில் குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்ப்பார்கள் அல்லவா, அவருடைய கேபிள்காரர் முந்தின நாளே, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் லைன் இருக்காது, தேர் நிலைக்கு வந்ததும் கட்டிருவோம்" என்று கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போவாராம். இப்படி முன்கூட்டிச் சொல்வதை நான் பெரிய சப்போர்ட் என்று நினைக்கிறேன். எனக்கு அன்றைக்கு வேலையை மாற்றி வைத்துக்கொள்ள முடியும்.

ஆனால் எல்லாக் கேபிள்காரரும் ஒன்றில்லை. மூன்று விஷயம் கேட்காமல் சேராதீர்கள். ஸ்பிளைசிங் மிஷின் சொந்தமாக இருக்கிறதா? அறுந்த ஃபைபரின் இரண்டு முனையையும் சூட்டில் உருக்கி ஒட்டுகிற மிஷின் அது. விலை அதிகம் என்பதால் சிலர் மூன்று ஏரியாவுக்கு ஒன்று வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். மழை நாளில் எல்லா ஏரியாவிலும் ஒரே நேரத்தில் அறுந்தால் மிஷின் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இரண்டாவது, ஓ.எல்.டி., அதாவது எல்லா வீட்டுக்கும் ஒளியை அனுப்புகிற அவருடைய தலைமைப் பெட்டி, வைத்திருக்கிற இடத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை நிறுத்துகிற நாளில், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பிரயோஜனம் இல்லை, அவருடைய பேட்டரி இரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டால். மூன்றாவது, அவர் ஊருக்குப் போனால், உடம்பு சரியில்லாமல் படுத்தால் வேறு யார் வருவார்? ஒரே ஆள் நடத்துகிற இடத்தில் குலசாமி கும்பிடப் போன மூன்று நாளும் லைன் இல்லாமல் இருந்த தெரு ஒன்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று: பில். மாதப் பணத்தை ஜிபேயில் வாங்கிக்கொண்டு ரசீது தராதவரிடம் சேராதீர்கள். பில்லில் எந்தக் கம்பெனியின் பெயர், ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதோ அதுதான் சட்டப்படி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பெனி. கேபிள்காரரோடு மனஸ்தாபம் வந்தால் போய் நிற்க ஒரு கதவு வேண்டும். கணக்கு எழுதுகிறவள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

அடுத்து பெரிய தனியார் கம்பெனிகள். ஏர்டெல், ஜியோ இரண்டும் மதுரையில் பரவலாகக் கிடைக்கின்றன. பச்சை லைட் வகைப் பிரச்சினைக்கு இவர்கள் பக்கம் நன்றாக இருக்கிறது. செயலியிலேயே புகார் போடலாம், பில் பார்க்கலாம், இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுப்பார்கள், எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதிவு இருக்கும். ஏரியா முழுக்கப் போய்விட்டால் கூப்பிட்டவுடன் அதைச் சொல்லிவிடுகிற ஏற்பாடும் உண்டு. சிக்கல் வருவது தெருவில். ஏறி ஒட்டுகிற பையன்கள் பெரும்பாலும் இடையில் உள்ள ஒப்பந்ததாரரின் ஆட்கள். ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் மூட வேண்டும் என்று கணக்கு. மழை பெய்த நாளில் அத்தனையையும் மூட முடியுமா? அந்த நெருக்கடியில்தான் வராமலே மூடுகிற வேலை நடக்கிறது. என் வீட்டில் மூன்றாம் நாள் வந்த பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றான், இரண்டு இட்லி வைத்தேன்.

இங்கே ஒரு நடைமுறை யோசனை. லைன் போடும் நாளில் வருகிற பையனின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், அவனுடைய சூப்பர்வைசர் நம்பரையும். புகாரை முதலில் செயலியில் போட்டுவிட்டு, டிக்கெட் நம்பரை அவனுக்கு அனுப்புங்கள். டிக்கெட் இல்லாமல் அவனால் வர முடியாது, அவன் வராமல் டிக்கெட்டால் பயன் இல்லை. இரண்டும் சேர்ந்தால் வேலை நடக்கிறது. மூடியதாக எஸ்.எம்.எஸ். வந்ததும் லைட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். போட்டோவில் தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும்.

பி.எஸ்.என்.எல். ஃபைபர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அக்கவுன்ட்டும் பில்லும் மேல்பக்க இணைப்பும் பி.எஸ்.என்.எல்.; உங்கள் வீடு வரை கேபிள் இழுத்து பராமரிப்பது பல இடங்களில் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உள்ளூர்ப் பார்ட்னர். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "பி.எஸ்.என்.எல். எப்படி?" என்பது இல்லை, "இந்த ஊர் பார்ட்னர் எப்படி?" என்பதுதான். ஒரே பெயர், ஒரே பிளான், ஆனால் பக்கத்துப் பக்கத்து ஊரில் சர்வீஸ் வேறு வேறாக இருக்கும். கிராமத்துக்கு இன்னும் இதைத்தான் நான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். தனியார் ஃபைபர் எட்டாத இடங்களுக்கும் போயிருக்கிறது.

அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தை பிறந்த வாரத்திலிருந்து வீடியோ கால் விட்டு விட்டு வந்தது. சிவப்பு லைட் வரும், போகும். பார்ட்னரிடம் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்தார். முதலில் மோடத்திலிருந்து வயரைக் கழற்றி, வருகிற ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் சொருகினார். மைனஸ் 29 காட்டியது. "அக்கா, இது மைனஸ் 15-லருந்து 25-க்குள்ள இருக்கணும். 27-ஐத் தாண்டுனா மோடம் தள்ளாடும்" என்றார். அந்த அளவில் மூன்று குறைந்தால் வருகிற ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. அப்புறம் பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசரை வயர் முனையில் மாட்டி, ஜன்னல் கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கினார். சுவரோரம் போகும் வெள்ளைக் கேபிளையே பார்த்துக்கொண்டு போனவர் நிலைப்படிக்கு மேலே நின்றார். அங்கே கிளிப் அடித்த இடத்தில் கேபிளுக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது, தோலுக்கு அடியில் டார்ச் அடித்த மாதிரி. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர் கேபிளைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது கிளிப்பை இறுக்கி அடித்திருக்கிறார். ஃபைபர் மடங்கிவிட்டது. அந்த இடத்தை வெட்டி, புது கனெக்டர் போட்டு, மீட்டரில் சொருகினால் மைனஸ் 20. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மா மோர் கொடுத்தார், குடித்துவிட்டுப் போனார்.

இதையே தொலைவிலிருந்து கேட்டிருந்தால் மோடத்தை மாற்றச் சொல்லியிருப்பார்கள். மீட்டரும் லேசரும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிடும். அவை இல்லாமல் வருகிறவர் கண்ணால் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். உங்கள் வீட்டுக்கு யார் லைன் போட்டாலும், போட்ட அன்றைக்கு மீட்டர் அளவைக் கேட்டு மோடத்துக்கு அடியில் எழுதி வையுங்கள். பின்னால் குறை வரும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நீங்களே கேட்கலாம்.

கம்பியில்லாத ஏர்ஃபைபர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜியோ 2023 செப்டம்பரில் தொடங்கியது, ஏர்டெலிலும் இருக்கிறது. மாடியில் ஒரு பெட்டி மாட்டி 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் கொடுக்கிறார்கள். தெருவில் கேபிள் இல்லை, அதனால் ஜே.சி.பி. கவலை இல்லை. வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போவதும் எளிது. ஆனால் சாயந்திரம் ஏழிலிருந்து பத்து வரை டவரில் கூட்டம் கூடும்போது வேகம் இறங்கினால் அதைச் சரிசெய்ய எந்த லைன்மேனாலும் முடியாது. பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். சேரும் முன், அதே கம்பெனி 5ஜி சிம் போட்ட போனை மொட்டைமாடியில் வைத்து இரவு எட்டு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். காலையில் போடுவதில் அர்த்தமில்லை.

காசு விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஃபைபர் தொடக்க பிளான்கள் பெரும்பாலும் நானூறு, ஐநூறு வட்டாரத்தில்தான், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். என் யோசனை, முதல் ஆறு மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழைக்காலத்தையாவது அவர்களோடு கழித்துப் பார்த்துவிட்டு மொத்தமாகக் கட்டலாம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றால் நாம் கோபித்துக்கொண்டு போவதற்கும் வழி இல்லை.

நம் பக்கம் இருக்கிற விதிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் பயன்படுத்துவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி ஒரு புகார் எண் தர வேண்டும். சரியாகவில்லை என்றால், முப்பது நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிராட்பேண்ட் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடகையில் கழிவு கேட்கும் உரிமையும் இருக்கிறது; கேட்காமல் தாமாகக் கழித்துக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதி நாளைக் கழிக்க வேண்டாம். இதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிகாம் சேவைக்கும் அங்கே வழக்குப் போடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் மேல்முறையீடு வரை போனேன். எடுத்து வைத்த போட்டோக்களை அனுப்பியதும் அந்த நாட்களுக்கான பணம் பில்லில் கழிந்தது. சின்னத் தொகைதான். ஆனால் வராமலே மூடிய டிக்கெட்டை ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிதாக இருந்தது.

சரி, முடிவுக்கு வருகிறேன். தங்கை அடுத்த வருடம் வீடு மாறுவாள், அவளுக்கு வேலை பகலில் ஆபீஸில். மாடியில் இரவு எட்டு மணிக்கும் வேகம் நன்றாகக் கிடைத்தது. அதனால் அவளுக்கு ஏர்ஃபைபர். ஏரியா கேபிள்காரரிடம் சொந்த மிஷின் இருக்கிறது, கூட இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், ஒழுங்காக பில் தருகிறார். அதனால் என் வீட்டுக்கு அவர். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தேன், மூன்றாவது ரிங்கில் எடுத்தார். அதற்கு மேலும் 18-ஆம் தேதியே வேறு கம்பெனி சிம்மில் டேட்டா பேக் போட்டு வைத்துக்கொள்கிறேன், மோடத்துக்குச் சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். ஒன்றும் மாட்டியிருக்கிறேன். இது இரண்டும் யாரிடம் லைன் எடுத்தாலும் வேண்டும். எவ்வளவு நல்ல கேபிள்காரராக இருந்தாலும் கொட்டுகிற மழையில் இடி இடிக்கும்போது போஸ்ட்டில் ஏறச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அம்மா வீட்டுக்கு பி.எஸ்.என்.எல். லைனே தொடர்கிறது, அந்தத் தம்பிக்காக. மோடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். "சிவப்பு லைட் எரிந்தால் இந்த நம்பர்" என்று அவருடைய நம்பர். அதற்குக் கீழே, "பச்சை எரிந்தும் நெட் வரலைன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று என் நம்பர்.